எங்கள் வார்டின் பென்னிகுயிக்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு காதணி விழா. பந்தல் வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஃப்ளெக்ஸ். தாய்மாமன் கூலிங் கிளாஸோடு செல்போனில் யாரிடமோ பேசுகிறார். கீழே, ‘எளிமையின் சிகரமே! கலியுகக் கர்ணனே! எங்கள் வார்டின் பென்னிகுயிக்கே!’ எளிமையின் கழுத்தில் கிடந்த செயின் பஸ் ஸ்டாண்டிலிருந்தே தெரிந்தது.

“வாசகம் எப்படி மாமா?” என்றான், எழுதிக் கொடுத்த மாப்பிள்ளை.

“பென்னிகுயிக் எதுக்குடா?”

“தெருவுக்கு போர் போட்டுக் குடுத்தாருல்ல!”

போட்டார். மோட்டாரில் காயில் எரிந்து ஒரு மாதம் ஆகிறது. பென்னிகுயிக் கட்டிய அணை 1895-லிருந்து நிற்கிறது. லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம். தை மாதம் அங்கே பொங்கல் வைக்கிறோம். டீக்கடையில் அவர் படம், பிள்ளைகளுக்கு அவர் பெயர். அதெல்லாம் நியாயம். மோர்ப்பந்தல் போட்டவருக்கும், டியூப் லைட் மாட்டியவருக்கும் அதே பட்டமா?

கும்பகர்ணன் பாடு இதைவிட மோசம். தூக்கம் என்றால் அவன். ஏன், வேறெதுவும் செய்யவில்லையா? எழுப்பிவிட்டதும் அண்ணனுக்கு எதிரிலேயே நின்று, சீதையை விட்டுவிடு என்று புத்தி சொன்னான். ராவணன் கேட்கவில்லை. சாவு நிச்சயம் என்று தெரிந்தே களத்துக்குப் போனான். கம்பன் சொல்லும் கதையில், விபீஷணனே நேரில் வந்து கூப்பிட்டும் அணி மாறவில்லை. அணி மாறாத ஆளுக்கு இன்றைக்கு எங்கே போவது? கவுன்சிலர் எலெக்‌ஷனில்கூடக் கிடைக்க மாட்டான். ஆனாலும் ‘விசுவாசத்தின் கும்பகர்ணனே’ என்று எவனாவது ஃப்ளெக்ஸ் அடித்தானா? காலை பத்து மணிக்குப் போர்வையை இழுத்து மூடும் என் மகனுக்குத்தான் அந்தப் பெயர். அவனுக்கு அண்ணனும் இல்லை, போரும் இல்லை. சாப்பாடு மட்டும் பொருந்துகிறது. கர்ணனைப் பாருங்கள்: திரௌபதியைச் சபையில் அத்தனை கேவலமாகப் பேசியவன், கொடை என்ற ஒரே கணக்கில் தப்பித்துவிட்டான். அதிர்ஷ்டக்காரன்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது திராட்சையைப் பற்றி. பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்தது, கம்பம் பெயரில். கூடலூர்த் தோட்டத்தில் வெயிலில் நின்று நாங்கள் கவாத்து வெட்டுகிறோம். லாரி ஏறியதும் பழம் கம்பத்துக்காரன் ஆகிவிடுகிறது. திராட்சை என்றாலே கம்பமாம்! இதை விரிவாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், கும்பகர்ணன் இடத்தையெல்லாம் தின்றுவிட்டான். அடுத்த முறை கடையில் பழம் வாங்கும்போது, ‘கூடலூர் திராட்சை இருக்கா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.