கப்பற் போஜன பேத விசாரம்

ஆர்.கே.பேட்டை என்று பஸ் பலகையில் சுருங்கியும் இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்று பத்திரங்களில் விரிந்தும் வழங்கிவரும் எங்கள் ஊருக்கு, ஒரு பக்கம் திருத்தணிகை முருகனும் இன்னொரு பக்கம் சோளிங்கர் யோக நரசிம்மரும் மலைமேலிருந்து காவல் புரிவதும், சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில் ஆந்திர எல்லை கிடப்பதும், விடிந்தது முதல் இருட்டும்வரை விசைத்தறிகளின் சடசடப்பு ஓயாததும் ஆகிய பாக்கியங்கள் உண்டேயன்றிச் சமுத்திரம் கிடையாது. சாலை வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான் அது அகப்படும். இப்படிப்பட்ட ஸ்தலத்தில் உட்கார்ந்துகொண்டு, உல்லாசக் கப்பல்களில் பரிமாறப்படும் ஆகார வகைகளைப் பற்றி ஆராயப் புகுவது தகுமா என்று சந்தேகிப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்றே: வான சாஸ்திரம் எழுதிய மகான்களில் ஒருவரேனும் நட்சத்திரத்துக்குப் போய்த் திரும்பியவர் அல்லர்.

இவ்விசாரத்துக்குக் காரணமாய் அமைந்தது 'எம்ப்ரஸ்' என்னும் கப்பல். பிரெஞ்சு தேசத்தில் கட்டப்பட்டு 1990இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற நாமதேயத்துடன் ஓடத் தொடங்கி, பல எஜமானர்களிடம் ஊழியம் பார்த்து, வயது முப்பதைக் கடந்தபின் கோர்டீலியா என்னும் இந்தியக் கம்பெனியிடம் வந்து சேர்ந்த இந்தப் பதினொரு தட்டுக் கப்பலை, 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றிவரும் பிரயாணம் ஒன்று. நடுக்கடல்வரை போய் அங்கே எந்தக் காரியமும் இல்லாமையால் இரண்டே இரவில் புறப்பட்ட துறைக்கே திரும்பும் பிரயாணம் மற்றொன்று. பின்னது நமது ஆராய்ச்சிக்கு உயிர்நாடி என்பது போகப் போக விளங்கும். கட்டணத்துக்குள் அடங்கிய 'ஸ்டார்லைட்' என்ற சாப்பாட்டு மண்டபமும் 'ஃபுட் கோர்ட்' என்ற பொதுப் பந்தியும், தனியே காசு கேட்கும் 'சாப்ஸ்டிக்ஸ்' என்ற கீழ்த்திசை உணவுக்கூடமும் அதில் உண்டு. ஜைனர்களுக்கென வெங்காயம், பூண்டு, கிழங்கு யாவும் நீக்கிய சமையலும் உண்டு. இல்லாமையையே ஒரு வகையாகக் கணக்கில் சேர்க்கும் இந்தச் சாமர்த்தியத்தைத் தர்க்க சாஸ்திரிகள் கவனிப்பாராக. அபாவமும் ஒரு பதார்த்தமே என்று அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதற்குத் தட்டில் வைத்த நிரூபணம் இதற்குமுன் கிடைத்ததில்லை.

கப்பலுக்கு நேரே போய் ஆராய்வது பிரத்யட்சப் பிரமாணம். அதற்கு ஆகும் செலவை உத்தேசித்து நாம் சப்தப் பிரமாணத்தை, அதாவது நம்பத்தக்கவர் வாய்மொழியை மேற்கொண்டோம். எங்கள் தெருவில் ஆறு தறி வைத்திருக்கும் அன்பர் ஒருவர், பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததன் பேரில், மனைவியாருடன் மேற்சொன்ன இரண்டிரவுப் பிரயாணம் போய் வந்திருந்தார். திண்ணையில் வைத்து அவரை விசாரித்தோம்.

"சாப்பாட்டுக்கு இன்னா இன்னா இருந்துதுன்னு கேக்காதீங்க சார். இன்னா இல்லன்னு கேளுங்க" என்றார்.

அவ்வாறே கேட்டோம். வெகுநேரம் யோசித்து, "களி இல்ல சார்" என்று வாக்குமூலம் அளித்தார்.

அவர் முதல் நாள் மத்தியானம் ஏந்திவந்த தட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தது இந்த ஆராய்ச்சியின் நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். அடித்தளத்தில் வெள்ளைச் சோறு. அதன்மேல் வெண்ணெய் மிதக்கும் வடநாட்டுப் பருப்பு. பருப்பின் கரையில் நூடுல்ஸ். நூடுல்ஸின்மேல் சாய்த்துவைத்த பூரி. பூரியின் உப்பலைச் சமன்செய்து அதன்மேல் ஒரு துண்டு கேக். கேக்கின் முதுகில், அங்கே எப்படி ஏறிற்று என்று உடையவராலேயே விளக்க இயலாத ஒரு வறுத்த மீன். அகழ்வாராய்ச்சிக் குழிகளில் காணும் மண்ணடுக்குகளைப் போல இவையும் கால வரிசையைக் காட்டுவன. எது அடியில் கிடக்கிறதோ அது முதலில் கண்ணில் பட்டது. எது உச்சியில் இருக்கிறதோ அது, வேறு இடமில்லை என்று புத்தி சொல்லியபின் ஆசை சேர்த்தது. ஒரே ஒரு தட்டுதானா என்று வினவியபோது அன்பர் மௌனம் சாதிக்க, உள்ளேயிருந்து அம்மாள், "அது மாதிரி மூணு தட்டு சார், ரெண்டுக்கு போட்டோ எடுக்கல" என்று சாட்சியத்தைப் பூர்த்தி செய்தார்கள். தம் பங்குக்கு அவர்கள் இரண்டு வேளையும் இட்லியே கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகவும், சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழையுமுன் வாசலில் நின்ற பையன் உள்ளங்கையில் மருந்துத் தண்ணீர் தெளித்துக் கைகழுவச் சொன்னது கோவிலில் தீர்த்தம் கொடுத்ததுபோல் இருந்ததாகவும், பழக்கதோஷத்தால் அதை வாயருகே கொண்டுபோய்விட்டதாகவும் தெரிவித்தார்கள்.

இதனோடு ஒப்பிடுவதற்கு எங்கள் பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள ஓட்டலை எடுத்துக்கொண்டோம். அங்கே பட்டியல் அச்சிட்ட அட்டை கிடையாது, சப்ளையரே பட்டியல். "சூடா என்ன இருக்கு?" என்று கேட்டவர் பெஞ்சில் உட்கார்ந்து முடிப்பதற்குள் "இட்லி தோசை பூரி பொங்கல் வடை" என்று நிறுத்தற்குறி ஒன்றும் இல்லாமல் பாராயணம் முடிந்துவிடும். பத்து மணிக்கு மேல் அதிலிருந்து பொங்கல் உதிரும். சாயங்காலம் பரோட்டா மாஸ்டர் கல்லுக்கு வந்தபின் பாராயணமே வேறு சுருதிக்கு மாறும். கிருத்திகையன்று முட்டை வகைகள் நாவிலேயே எழா. இவ்வளவு சுருக்கமான பட்டியலோடு அந்த ஓட்டல் எங்ஙனம் பிழைக்கிறது? உற்று நோக்கினால் காரணம் புலப்படும். பொங்கல் ஆறிப்போயிருந்தால் சாப்பிட வந்தவர் எழுந்து சாலையைக் கடந்து எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விடலாம். அங்கும் சரிப்படாவிட்டால் திருத்தணி பஸ் ஏறிவிடலாம். போவதற்கு வழி இருக்கும் இடத்தில் பட்டியல் நீளவேண்டிய அவசியம் இல்லை. கப்பலிலோ சாலை கிடையாது. எதிர்ச்சாரி என்பது வங்காள விரிகுடா. ஆகவே ஒரு போஜனசாலையின் பதார்த்தத் தொகை, உண்பவன் எழுந்து வெளியேறுவதற்குள்ள சௌகரியத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்பது நமது சித்தாந்தம்.

இதற்கு எதிராகப் பூர்வபட்சம் ஒன்று கிளம்பும் என்பதை அறிவோம். 1926இல் கட்டப்பட்டு 1973 வரையில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிய 'ரஜூலா' கப்பலில், நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் தகரப் பெட்டியும் கோரைப் பாயுமாகத் திறந்த தளத்தில் படுத்துப் போனார்களே. அவர்களுக்கும் வெளியேற வழி இல்லை. அவர்களுக்குக் கிடைத்ததோ தட்டை நீட்டி வாங்கிய சோறும் குழம்பும்தானே என்று வாதி கேட்பார். கேள்வி நியாயமானது. இதற்கு விடை தேடி நாம் பல நாள் உறக்கம் இழந்தோம் என்று எழுதுவது இத்தகைய நூல்களின் மரபாயினும், உண்மையில் விடை ஒரு பஸ் பிரயாணத்திலேயே கிடைத்துவிட்டது.

ரஜூலாவில் ஏறியவனுக்குச் சேருமிடம் இருந்தது. மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டமோ, பினாங்கில் மாமன் கடையோ, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு வேலையோ அவன் கண்முன் நின்றது. சோறு வழியிலே வந்த ஒரு விவகாரம். எம்ப்ரஸில் இரண்டிரவுச் சீட்டு வாங்கியவனுக்குச் சேருமிடம் அவன் ஏறிய இடமே. நடுவில் உள்ள காலத்தை எதைக்கொண்டேனும் நிரப்ப வேண்டியிருக்கிறது, கைவசம் இருப்பது வயிறு. சரித்திரமும் இதற்கு அநுகூலமாகவே பேசுகிறது. ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் கம்பெனியை நடத்திய ஆல்பர்ட் பாலின் என்பவர், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராமல் கப்பல்கள் சும்மா கிடப்பதைக் கண்டு மனம் பொறாமல், 1891 ஜனவரியில் 'ஆகஸ்டா விக்டோரியா'வை மத்தியதரைக் கடலில் சுற்றிவர அனுப்பினார். போக வேண்டியவர்கள் இல்லாதபோது போக வேண்டாதவர்களை ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற அந்த மகத்தான தரிசனமே இன்றைய உல்லாசக் கப்பல்களுக்கு ஆதி. அதன் சந்ததியில் வந்து 2024 ஜனவரியில் முதற்பிரயாணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்னும் இருபது தட்டுக் கப்பலில் உணவிடங்கள் மட்டுமே இருபதுக்கு மேல்.

நீண்ட பட்டியல், குறுகிய பட்டியல் ஆகிய இரண்டு சங்கதிகளையும் ஒரே கப்பலில் பார்க்க விரும்புவோர் டைட்டானிக்கைப் பார்க்கலாம். 1912 ஏப்ரல் 14 அன்று முதல் வகுப்பாருக்குச் சிப்பியில் தொடங்கிப் பத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளாக இரவு விருந்து நடக்க, அமெரிக்காவில் குடியேறிப் பிழைக்கப் போய்க்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பாருக்கு அச்சிட்ட பட்டியல், பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும் கஞ்சியும் என்று முடிகிறது. கஞ்சி! அந்த இடத்தில் அந்தப் பதார்த்தத்தைச் சந்தித்தபோது தூரத்து உறவினரைத் துறைமுகத்தில் கண்டதுபோல் நமக்கு ஓர் ஆனந்தம் உண்டாயிற்று.

உள்ளூர் அத்தாட்சி வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 2021 செப்டம்பரில் திருத்தணிக் கோவிலில் நாள் முழுவதும் அன்னதானம் போடும் திட்டம் ஆரம்பமாயிற்று. ஆண்டின் நாட்களுக்குச் சரியாக அமைந்த 365 படிகளை ஏறி, முருகனைப் பார்த்துவிட்டு வந்து பந்தியில் உட்காருகிறவர்களில் "இன்றைக்கு வேறு என்ன வகை?" என்று கேட்டவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை, வந்த காரியம் மலைமேல் முடிந்துவிட்டது.

சேருமிடம் இருந்தும் சேரவிடாவிட்டால் என்ன ஆகும் என்ற நுட்பமான சோதனையையும் விதியே நடத்திக் காட்டியிருக்கிறது. 2022 ஜூனில் எம்ப்ரஸ் புதுச்சேரிக் கடலோரம் வந்து நின்றபோது, சூதாட்டக் கூடம் முதலியவற்றைப் பற்றிய ஆட்சேபங்களால் அரசின் அனுமதி கிட்டாமல், பிரயாணிகள் கரையைக் கண்ணால் மட்டும் தரிசித்துத் திரும்ப நேர்ந்தது. எங்கள் ஊருக்கு இதற்கு நேர்மாறான அநுபவம் உண்டு. சித்தூர் ஜில்லாவில் இருந்த இந்தப் பிரதேசம், எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று, ஓர் அங்குலமும் அசையாமல் சென்னை ராஜ்யத்தின் செங்கற்பட்டு ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தது. அசைந்தும் சேராத கப்பலுக்கு எண்ணற்ற வகை. அசையாமல் சேர்ந்த ஊருக்கு முன்னே இருந்த அதே களி, அதே வேர்க்கடலைச் சட்னி.

வகை பெருகினால் இன்பம் பெருகும் என்று நினைப்போர்க்குக் காந்தியடிகளின் முதற் கப்பற் பிரயாணத்தை நினைவூட்ட வேண்டும். 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சீமைக்குப் புறப்பட்ட அந்த இளைஞர், பட்டியலில் எவை மாமிசம் கலவாதவை என்று கேட்கக் கூச்சப்பட்டு, கத்தி முள் பிடிக்கவும் தெரியாமல், பெரும்பாலும் தாம் கொண்டுபோன மிட்டாய்களையும் பழங்களையும் அறைக்குள்ளேயே சாப்பிட்டுக் காலம் கழித்ததைச் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். பட்டியலின் நீளம் கேட்கத் துணிந்தவனுக்கே பயன்படும். எங்கள் சப்ளையரின் பாராயணத்தில் இந்தத் தொல்லை இல்லை. காது இருந்தால் போதும்.

தறிக்கார அன்பர் மூன்று தட்டு உண்டதற்கு மட்டும் விஞ்ஞான ரீதியான மன்னிப்பு இருக்கிறது. ஒரே பண்டத்தை உண்ணும்போது அந்தப் பண்டத்தின்மேல்தான் சலிப்புத் தட்டுகிறது, வேறு ருசியுள்ளது எதிரே வந்தால் வயிறு மறுபடியும் வாய்திறக்கிறது என்பதைப் பார்பரா ரோல்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர் 1981இல் பரிசோதித்து நிலைநாட்டினர். கல்யாணப் பந்தியில் "போதும் போதும்" என்று இலையைக் கையால் மறைத்தவர் பாயச வாளியைக் கண்டதும் கையை எடுப்பதன் சூட்சுமம் இதுவே. உண்ணும் பண்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு விலை தனியே கேட்காமல், குடிவகைக்கும் சூதாட்டத்துக்கும் இன்னபிற சௌகரியங்களுக்கும் காசு வாங்கும் கப்பல் முதலாளிகளின் கணக்கு வழக்கை விரித்துரைத்தால் நூல் பெருகும்.

தோசையைப் பற்றி ஒரு வார்த்தை. தீ விபத்துக்கு அஞ்சிக் கப்பல் சமையற்கட்டில் சுடர்விட்டு எரியும் அடுப்பை வைப்பதில்லை; எல்லாம் மின்சாரக் கல். அன்பர் அங்கே தின்ற தோசை "ஒரே மாதிரி செவந்திருந்துது சார், ஓரத்துல கொஞ்சங்கூட கருகல" என்று சொன்னது புகாரா பாராட்டா என்பதை நாம் இன்னும் நிர்ணயிக்கவில்லை.

இந்த ஆய்வின் முடிபுகளைப் பஸ் நிலையத்து ஓட்டல் முதலாளியிடம் படித்துக் காட்டுவது கடமை என்று தோன்றிற்று. அவரும் பட்டியலைக் கூட்டலாமா என்று சில காலமாக யோசித்துவந்தார். பள்ளிப்பட்டு பஸ்ஸும் சோளிங்கர் பஸ்ஸும் நேரத்துக்கு வந்துகொண்டிருக்கும்வரை அவர் எத்தனை வகை செய்தாலும் சட்டி காலியாகாது என்றும், பஸ் தாமதிக்கும் நாட்களில் போண்டாவும் மசால் வடையும் தட்டோடு தீர்ந்துபோவதை அவரே கண்டிருப்பார் என்றும், நமது சித்தாந்தத்தின் கடற்பிரயோகத்துக்குத் தரையில் உள்ள ஒப்பு அதுவே என்றும் விளக்கினோம். கல்லாவில் சில்லறையை எண்ணிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நான் மெனுவ கூட்டத் தேவையில்ல, பஸ்ஸத்தான் நிறுத்தணும்ன்றீங்களா சார்?"

இவ்வினா போக்குவரத்துக் கழகத்தின் அதிகார வரம்புக்குள் அடங்குவதாதலால் அதற்கு விடைகூறாது, இரண்டு வடைக்கும் ஒரு காபிக்கும் உரிய கிரயத்தைச் செலுத்திவிட்டு நாம் வெளியேறினோம்.