பெயின்ட் பாதுகாப்பு குறித்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
கோலார் தங்கவயலைச் சுற்றியுள்ள ஊர்களில் டிராக்டர், பவர் டில்லர், டிரெய்லர் வைத்திருப்போர் சார்பில், கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக இந்த வேலையில் மாட்டிவிடப்பட்டவன்.

பெறுநர்:
உயர்திரு செயலர் அவர்கள்,
ஒன்றிய அரசின் சுரங்க அமைச்சகம்,
புது டெல்லி.

பொருள்: விவசாய வண்டிகளை வெயில், மழை, காற்றிலிருந்து பெயின்ட் கெடாமல் காப்பது – தங்கள் அனுபவத்தைத் தந்து உதவ வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் பானெட்டுகளின் மேல் படிந்திருக்கும் தங்கள் தூசி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தார்ப்பாய் கட்டுவது எப்படி என்று கேட்க டெல்லிக்கா எழுதுவது என்று எங்களுக்குள்ளேயே ஒரு சாரார் சிரித்தார்கள். டீலரைக் கேட்டால் ஷெட் போடச் சொல்கிறார். ஷெட் போடக் கையில் காசு இருந்தால் அவரிடம் கேட்க என்ன இருக்கிறது? இரும்பு இயந்திரங்களை வெட்டவெளியில் வருஷக்கணக்கில் நிறுத்திவைப்பதில் இந்த வட்டாரத்தில் தங்களுக்கு இணையான அனுபவசாலி யாரும் இல்லை என்று கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

தங்கள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்கம்பி இழுத்து இயந்திரம் ஓட்டிய ஊர் இது. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கம், அதில் ஆளை இறக்கி ஏற்றிய கேஜ், ஷாஃப்டுகளின் தலைமேல் நின்ற இரும்புக் கோபுரங்கள், கல் அரைத்த மில்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே வானத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டீர்கள்.

எங்களுக்குப் புரிந்தவரை தங்கள் முறை மிகவும் எளிமையானது. பெயின்ட் முழுவதும் உதிரும்வரை காத்திருக்க வேண்டும். உதிர்ந்துவிட்டால் பிறகு பெயின்ட் கெடுமே என்ற கவலை இல்லை. அடுத்துத் துரு வரும். அதற்கும் வழி பிறந்தது: இரவோடு இரவாக இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போனது. இல்லாத இரும்பு துருப்பிடிக்காது. இதே முறையைக் கையாள நாங்களும் தயார்தான். ஆனால் டிராக்டர் கடனில் வாங்கியது. பாங்க் மேனேஜர் இதைப் பராமரிப்பு என்று ஏற்க மாட்டேன் என்கிறார்.

ஆகவே நாங்களாகவே சிலவற்றைக் கற்றுக்கொண்டோம். நீல பிளாஸ்டிக் தார்ப்பாயை பானெட்டோடு ஒட்ட இறுக்கிக் கட்டினால், ராத்திரி வேர்க்கும் ஈரம் உள்ளேயே நின்று பெயின்ட் கொப்புளிக்கும். கொப்புளத்தை உடைத்துப் பார்த்தால் அடியில் துரு ஏற்கெனவே குடிவந்திருக்கும். எஞ்சின் சூடு ஆறும் முன்பே போர்த்தினால் பிளாஸ்டிக் உருகிச் சைலென்சரில் ஒட்டிக்கொள்ளும். தளர்த்திக் கட்டினாலோ காற்றில் படபடத்து, ஓரத்து உலோக வளையங்கள் பானெட்டில் கோலம் போடும். போர்த்தாமலே விட்டால் வெயில் பெயின்டில் உள்ள பிசினைத் தின்றுவிடும், விரலால் தேய்த்தால் நிறம் பொடியாகக் கையோடு வரும்.

சரியான வழியும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நாலு மூங்கில் நட்டு, வண்டிக்கு மேலே ஒரு முழம் விட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்ட வேண்டும். பக்கவாட்டில் காற்று போய்வர வேண்டும், மழைத் தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், ஷீட் பானெட்டைத் தொடவே கூடாது. அவ்வப்போது கழுவி உலர்த்தி வாக்ஸ் பூசுவது, கலப்பைக் கொழுவுக்கும் ரொட்டவேட்டர் கத்திக்கும் கிரீஸ் தடவுவது, சைலென்சர் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்ப்பது, இதெல்லாம் பேத்தமங்கலம் பக்கம் கேழ்வரகும் தக்காளியும் போடும் எவரும் சொல்வார். (பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருப்பவர்கள் கையில் தார்ப்பாய் கிடைத்தால் அது முதலில் ஒழுகும் கூரைக்குத்தான் போகிறது. அவர்களுக்கு வண்டி இருந்தாலும் அதன் முறை வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும்.)

வேறு ஊராக இருந்தால் இத்தோடு கடிதத்துக்கே வேலை இல்லை. எங்கள் ஊரில் வண்டிமேல் விழுவது வெயிலும் மழையும் மட்டுமா? சயனைட் மேடும் விழுகிறது. நூற்றிருபது ஆண்டுகள் பாறையை வெட்டி, மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண் அது. ஏறத்தாழ 800 டன் தங்கம் ரயிலேறிப் போய்விட்டது; 3.3 கோடி டன் மண் இங்கேயே தங்கிவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டு அம்மிகள் அசைந்ததே இல்லை, மேடுதான் பறக்கிறது.

அந்த மண்ணில் குவார்ட்ஸ் உண்டு. கண்ணாடியையே கீறும் கல், பெயின்ட் எம்மாத்திரம்? தார்ப்பாய்க்கும் பானெட்டுக்கும் நடுவே அது புகுந்துவிட்டால் நாங்கள் போர்த்தியது தார்ப்பாய் அல்ல, உப்புத்தாள். காற்று அடிக்க அடிக்க அது தானாகவே தேய்க்கும், கூலி கேட்காது. உலர்ந்த துணியால் துடைத்தால் பளபளப்பு அன்றோடு சரி. தண்ணீர் ஊற்றித்தான் இறக்க வேண்டும். ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டுத் தண்ணீர் தேடுகிற கோலார் மாவட்டத்தில் டிராக்டருக்குத் தினமும் குளியல்!

1965-இல் இதே ஊரில், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானிய, இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவைப் பிடித்துக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாதது, எடை இருப்பதாகவே அன்று பெரும்பாலோர் நினைக்காதது, பூமியையே ஊடுருவிப் போவது. அப்பேர்ப்பட்டதைப் பிடித்த ஊரில், கண்ணை உறுத்தி, பல்லில் நறநறத்து, கொடியில் காயும் வேட்டியைச் சாம்பல் நிறமாக்கும் ஒன்றைப் பிடிக்க இன்னும் ஒரு கருவி வரவில்லை.

பெயின்டைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும், நுரையீரலை இழுக்கக் கூடாது என்று எங்கள் கூட்டத்தில் முடிவு. சுரங்கத்துக்குள் கல்தூசி தின்று சிலிக்கோசிஸ் கண்டவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் இன்று டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள் என்பதால் ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் குறிப்பிடுகிறேன். பானெட்டுக்கு அளவெடுத்துத் தார்ப்பாய் கிடைக்கிறது. ஓட்டுகிறவருக்கு எந்த சைஸ்?

இனி முக்கியமான விஷயம். 2024 ஜூனில், 1,003 ஏக்கரில் உள்ள 13 மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்க ஒன்றிய அரசுக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. அந்த மண்ணில் ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம்தான் மிச்சம்; ஆனாலும் 3.3 கோடி டன் என்றால் சும்மாவா? அன்றிலிருந்து எங்களுக்குத் தூக்கம் இல்லை. அது கழிவு என்று நினைத்துத்தான் இத்தனை நாள் கழுவிவிட்டோம். இப்போது அது கனிமம், அரசுச் சொத்து. காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு டிராக்டர் அருகே நிற்பவன் அனுமதியில்லாமல் சுரங்கம் நடத்துகிறானா? வண்டி கழுவிய தண்ணீர் தக்காளிப் பாத்திக்குப் போனால் அந்தத் தக்காளிக்கு ராயல்டி உண்டா? தெளிவுபடுத்தவும்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. தாங்கள் ஏலம் விடப்போகும் இந்த மேட்டுச் சரக்கு ஒவ்வொரு ஆடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்மேல் இறங்குகிறது. ஏலம் எடுப்பவர் எடை குறைகிறது என்று வழக்குப் போடும் முன், சரக்கை மூடிவையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் தங்கச் சுரங்க மேடுகளின் மேல் புல் வளர்த்துத் தூசியைக் கட்டினார்கள். பிறகு தங்கம் வேண்டும் என்றபோது அதே மேடுகளைக் கரைத்து எடுக்கவும் செய்தார்கள். புல் இருந்ததால் தங்கம் ஓடிப்போய்விடவில்லை. புல் வளர்க்க நிதி ஒதுக்க இன்னும் ஒரு கால் நூற்றாண்டு ஆகும் என்றால் தார்ப்பாயாவது வாங்குங்கள். கணக்குப் போட்டுவிட்டோம்: 1,003 ஏக்கருக்கு 4 கோடியே 36 லட்சம் சதுர அடிக்கு மேல் வேண்டும், சரிவுக்கும் மடிப்புக்கும் தனி. ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் அவ்வளவு இருப்பு இல்லை. மொத்தமாக எடுத்தால் கயிறு இலவசமாகத் தருவார்கள்.

கட்டும் கூலி வேண்டாம், நாங்களே வந்து கட்டித் தருகிறோம். ஒரு முழம் இடைவெளி எல்லாம் விட வேண்டியதில்லை. மேட்டுக்குப் பெயின்ட் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் சொத்தைத் தினமும் துடைத்துக்கொண்டிருப்போர்.

இணைப்பு: காகிதப் பொட்டலம் – 1. (பிரிக்கும் முன் ஃபேனை நிறுத்தவும்.)