தூணிடம் பேசிய தாத்தா

பிறர் முன்னால் எங்கள் தாத்தா ஆச்சியிடம் நேரே பேசி நான் கேட்டதில்லை. தூணைப் பார்த்து, "வெந்நி ஆச்சா?" என்பார். தூணுக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.

ஓர் ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் குளித்துவிட்டு, கட்டுச்சோற்றோடு வட்டக்கோட்டைக்குப் போனோம். பீரங்கி இழுத்தேற்றப் போட்ட சரிவில் தாத்தா முன்னே, பத்தடி பின்னே ஆச்சி. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய் பலப்படுத்திய கருங்கல் கோட்டை அது. (பிடித்தவரோடு ஒத்துப்போவது எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் புதுச் செய்தியல்ல.) சுவரில் செதுக்கியிருந்த மீனைத் தாத்தா குடை நுனியால் தொட்டு, யாரிடம் என்றில்லாமல், "மீனு" என்றார். அவ்வளவுதான்.

"எனக்கு மீனைக் காட்டித் தந்தாரு" என்று ஆச்சி அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி. கணவன் கண்மூடினால் சொத்து அவன் சகோதரி பிள்ளைகளுக்கு. பெண்டாட்டி கைக்கு வருவது சொற்பம். தேரூர்க்காரரான கவிமணி அந்தக் கூத்தை ஐந்தாம் மனைவி ஒருத்தியின் வாயால் 'மருமக்கள்வழி மான்மிய'மாகப் பாடி வைத்தார். 1926இல் திருவிதாங்கூர் சட்டம் வந்து மனைவி மக்களுக்கு வாரிசுரிமை தந்தது. வயலுக்கு வழி பிறந்தது. பேச்சுக்குச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.

இப்போது பேச்சுக்குப் பஞ்சமில்லை. அண்ணன் மகனுக்கு நிச்சயமானதும் இரண்டு பேரும் கவுன்சலிங் போய் வந்தார்கள். ஆளுக்கொரு தாள், உணர்வுத் தேவைகளை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். பெண் முதலில் எழுதியது, 'காது கொடுத்துக் கேட்கணும்'. பையன், 'பாராட்டணும்'. அண்ணன் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இதுல சீர் கணக்கு எங்கடே?" என்றான்.

போட்டோஷூட் அதே கோட்டைக்குக் கீழே, கருமணல் கரையில். தண்ணீர் பாட்டில் சுமக்க நான். "கண்ணப் பாருங்க, லவ்வா பாருங்க" என்று போட்டோகிராபர் தொண்டை கட்டக் கத்தியும் பெண்ணின் முகத்தில் வெயில்தான் தெரிந்தது. கடைசியில், "காதுல எதாவது சொல்லுங்க தம்பி!" பையன் குனிந்து ஏதோ சொன்னான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மண்டப வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸாக நின்றது அந்தப் படம்தான்.

என்னடே சொன்னே என்று பிறகு கேட்டேன்.

"பார்க்கிங்குக்குச் சில்லறை இருக்கான்னு கேட்டேன், சித்தப்பா."