ராணுவ வீரர் வண்டி விற்கிறார்

விளாங்குடியில் உட்கார்ந்து ஓஎல்எக்ஸில் பழைய ஸ்கூட்டர் தேடினால், விற்பவர் எப்படியோ ராணுவ வீரராகவே அமைந்துவிடுகிறார். "டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு சார், அவசரம்" என்பார். நம்பிக்கைக்குக் கேன்டீன் கார்டு படம் வரும். பார்சல் செலவுக்குப் பணம் போகும். வண்டி மட்டும் வராது. நாம் கட்டில் விற்கப் போனாலோ, "பணம் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க" என்று கியூஆர் கோடு அனுப்புவார். யுபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையில்லை என்பது, அதை அழுத்திய பிறகே பலருக்கு நினைவு வரும்.

தளங்களுக்கோ 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, சில நிபந்தனைகளோடு, குடை பிடிக்கிறது: அவை வெறும் இடைத்தரகர்களாம். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகர்கூட அடுத்த சந்தைக்கு முகம் காட்டியாக வேண்டும்.

பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மச்சினனிடம் புலம்புவது அப்புறம்.