ஒரு தேங்காயும் ஒரு டயட் கோக்கும்

தொலைதூர நிலங்களுக்குச் செல்வோர் எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதற்கு, 2025 மார்ச் 29 அன்று அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் கால்வைத்த அமெரிக்க இளைஞரின் பயணம் சிறந்த பாடநூலாகும். ஓதத்தை, அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தை, முன்கூட்டியே ஆராய்ந்து, ஜிபிஎஸ் கருவியின் துணையுடன், மோட்டார் பொருத்திய காற்றடைத்த படகில் அவர் புறப்பட்டார். வெளியார் அத்தீவை நெருங்குவதைத் தடுக்கும் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956 முதலே நடப்பில் இருக்கிறது. ஆயினும் ஓதத்தை ஆராய்பவருக்கு அரசிதழையும் ஆராய நேரம் எங்கே கிடைக்கும்?

சென்டினல் மக்களின் மொழி வெளியுலகில் எவருக்கும் தெரியாது என்பதால் அவர் விசிலைத் தேர்ந்தெடுத்தது மொழியியலுக்கே புதுவழி காட்டுவதாகும். காவல்துறையின் கூற்றுப்படி ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஊதியும் மறுமொழி வராததால், அந்த மௌனத்தை வரவேற்பாகக் கொண்டு கரையிறங்கி, ஐந்து நிமிடம் நின்று, ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் டப்பாவையும் படைத்துவிட்டு, கொஞ்சம் மணலை எடுத்துக்கொண்டு திரும்பினார். தேங்காய் மரபு வழிப்பட்டது. 1991இல் மானிடவியல் குழுவினர் கொடுத்ததும் அதுவே. டயட் கோக்கோ மருத்துவ அக்கறை: தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழும் மக்களுக்குச் சர்க்கரை ஏறிவிடக் கூடாதல்லவா!

அந்தமானுக்கு வருவோர் தவறாமல் காணும் இடம், ஆங்கிலேயர் 1906இல் கட்டிமுடித்த செல்லுலார் சிறை. அதற்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். இரண்டே நாளில் கைதான இளைஞருக்கோ, வேறொரு சிறையைக் கட்டணமின்றி உள்ளிருந்தே காணும் சலுகை வாய்த்தது.