சனியில் கரைந்த காசினி

கேள்வி: 13 ஆண்டுகள் சனிக் கோளைச் சுற்றிச் சுற்றி உழைத்த காசினி விண்கலத்தை, 2017-இல் அதே கோளுக்குள் தள்ளி எரித்துவிட்டார்களே, இது நியாயமா?

பதில்: நியாயம்தான், மனசு கேட்காவிட்டாலும். எரிபொருள் தீரும் நிலை. கட்டுப்பாடின்றி அலையவிட்டால், என்றாவது என்செலடஸ் நிலவில் போய் மோதலாம். சுமார் 500 கி.மீ. குறுக்களவுள்ள அந்தப் பனியுருண்டையின் தென்முனையில் நீர் பீறிட்டு அடிப்பதைக் கண்டுபிடித்ததே காசினிதான்! பனிக்கு அடியில் உப்புக் கடல். அங்கே உயிர் இருக்கலாம். பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமி அதில் குடியேறிவிட்டால்? 'வேற்றுலக உயிரைக் கண்டோம்!' என்று பிற்பாடு நாம் துள்ளிக் குதிப்பது, நம் வீட்டுக் கிருமியைப் பார்த்தாக இருக்கும்.

செப்டம்பர் 15. சனியின் காற்று புரட்டித் தள்ள, சிறிய உந்துபொறிகளை முழு மூச்சாக இயக்கி, ஆன்டெனாவைப் பூமியை நோக்கியே பிடித்துக்கொண்டிருந்தது காசினி. அந்தக் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளந்து சொல்லியபடியே விழுந்தது. என்ன பிள்ளை அது! கடைசிச் சமிக்ஞை ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்கு வந்துசேர 83 நிமிடங்கள். அதை நாம் கேட்டபோது, காசினி சனியோடு கலந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.