15 வயது வரை யார் பார்ப்பது?

என் காருக்கு 14 வயது. இன்றுவரை நடுவழியில் நின்றதில்லை. அடுத்த வருடம் அதை எதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்?
- வாசகர், திருச்சி

நிற்காமல் ஓடுவது சரி. பிரேக் போட்டால் நிற்கிறதா? 14 வருடமாக யாரும் அதைக் கேட்கவில்லையே என்பதுதான் என் கவலை. டாக்ஸி என்றால் முதல் 8 ஆண்டுகள் 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. சொந்தக் காருக்கோ 15 ஆண்டுப் பதிவு முடியும்போதுதான் முதல் சோதனை. அப்புறம் 5 ஆண்டுக்கு ஒருமுறை. பின்சீட்டில் தூங்கும் உங்கள் பேரன், டாக்ஸிப் பயணியைவிட எந்த விதத்தில் குறைந்தவன்?

புகைச் சான்றிதழ்தான் கையில் இருக்கிறதே?
- வாசகி, கோவை

புகையை அளந்தவர் பிரேக்கைத் தொட்டாரா?

மற்ற நாடுகளில் இவ்வளவு கெடுபிடி உண்டா?
- வாசகர், நாகர்கோவில்

இதைவிட அதிகம். பிரிட்டனில் 1960-ல் 10 வயதான கார்களுக்குத்தான் சோதனையைத் தொடங்கினார்கள். பிரேக், விளக்கு, ஸ்டீயரிங், அவ்வளவுதான் பார்த்தார்கள். அதிலேயே ஏராளமான கார்கள் தேறவில்லை. 1967-ல் அந்த வரம்பு 3 வயதாக இறங்கிவிட்டது; அதன்பின் வருடாவருடம். ஜப்பானில் புதுக் காருக்கு 3 ஆண்டு, பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. நம் ஊரிலும் இது வர வேண்டும். அதுவரை மெக்கானிக்கிடம் டயரையாவது காட்டுங்கள், பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே என்றால் இன்றே மாற்றிவிடுங்கள்.